அறை அப்புறம், தேதி முதலில்

மாடி வீட்டு அண்ணாச்சி செல்போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார். திரையில் ஓர் ஓட்டல் அறை. சுருக்கமில்லாத வெள்ளைப் படுக்கை, சன்னலுக்கு வெளியே கோட்டைக் கோபுரம்.

"இதைப் போட்டுரலாமா தம்பி?"

அண்ணாச்சி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் ஜெர்மனியில் எர்லாங்கனில் மேற்படிப்பு படிக்கிறாள். அவளுடைய விடுதி அறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் கட்டிலில்தான் உட்கார வேண்டும். அதனால் அண்ணாச்சியும் மதினியும் பக்கத்து ஊரான நியூரம்பெர்க்கில் ஓட்டல் எடுத்து ஆறு இரவு தங்குவதாகத் திட்டம். மகள் இருக்கும் ஊருக்கு அங்கிருந்து ரயிலில் கால் மணி, இருபது நிமிடம்.

"தேதி என்ன அண்ணாச்சி?"

"அது இன்னும் முடிவாகலை. டிசம்பர்ல வாங்கன்னா. ஜனவரி கடைசின்னாலும் சரிதான்னா. ரூமை மொதல்ல பிடிச்சிருவோமேன்னு பாக்குதேன்."

அவர் சொன்ன இரண்டு காலமும் அந்த ஊரில் அறை விலை உச்சியில் நிற்கும் காலம். ஒரு டீயில் முடிகிற பேச்சு இல்லை என்று தெரிந்து பெரிய பாத்திரத்திலேயே தண்ணீர் வைத்தேன்.

நம் ஊரில் ஓட்டலுக்கு ஒரு விலை உண்டு. சீசனில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நியூரம்பெர்க்கில் அறைக்கு என்று நிலையான விலை கிடையாது, இரவுக்குத்தான் விலை. ஒரே கட்டில், ஒரே சன்னல், இந்த வாரம் ஒரு தொகை, அடுத்த வாரம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ அங்கே பொம்மைக் கண்காட்சி நடக்கும். 1950-லிருந்து நடந்துவருவது. உலகெங்கும் இருந்து 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடை விரிக்கும். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, வியாபாரிகளுக்கு மட்டும். அவர்களுக்குத் தங்கும் செலவு கம்பெனிக் கணக்கு. ஓட்டல்காரருக்கும் அது தெரியும். அது முடிந்து மூச்சு வாங்குவதற்குள் பிப்ரவரியில் இயற்கை விவசாயப் பொருள்களின் கண்காட்சி வந்துவிடும். ஆக, ஓட்டலைத் தேடுவதற்கு முன்னால் கண்காட்சி வளாகத்தின் நாட்காட்டியை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஜெர்மன் மொழியில் ‘மெஸ்ஸே’ என்றால் வணிகக் கண்காட்சி. அந்தச் சொல் இருக்கிற வாரத்தில் நாம் இருக்கக் கூடாது.

டிசம்பர் விஷயம் வேறு. பிரதான சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும். மரத்தட்டிக் கடைகள், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரை, இஞ்சிரொட்டி வாசம், பழச்சாறும் மசாலாவும் போட்டுச் சூடாக்கிய பானம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை திறப்பார்கள். கணக்குப் போட்டால் அது நவம்பர் 25-க்கும் டிசம்பர் 1-க்கும் நடுவில் விழும். 24-ஆம் தேதி மதியம் மூடிவிடுவார்கள். இடைப்பட்ட நான்கு வாரத்தில் சனி, ஞாயிறு கூட்டத்தைப் பார்த்தால் நம் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் ஞாபகம் வரும். தேர் மட்டும்தான் இல்லை.

"அப்ப, கூட்டமே அந்த ஊருக்குத் தொழிலாக்கும்?" என்றார் அண்ணாச்சி.

இன்று நேற்றா! ஊரின் பெயர் ஏட்டில் ஏறியது 1050-இல். அந்தக் காலத்துப் பேரரசருக்கு நிலையான தலைநகர் கிடையாது. பரிவாரத்தோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பார். நான்காம் கார்ல் 1356-இல் வெளியிட்ட தங்க ஆணை, புதிதாகத் தேர்வாகும் அரசர் தம் முதல் மன்றத்தை நியூரம்பெர்க்கில் கூட்ட வேண்டும் என்று விதித்தது. அரசர் வந்தால் சிற்றரசர்கள் வருவார்கள், பிஷப்புகள் வருவார்கள், எழுத்தர், சமையல்காரர், குதிரைக்காரர், குதிரை எல்லாம் வரும். அத்தனைக்கும் படுக்க இடம் வேண்டும். மன்றம் கூடுகிற நாளில் அறைக்கு அல்லாடுவது அந்த ஊருக்கு அறுநூறு வருடப் பழக்கம். இப்போது அரசருக்குப் பதில் பொம்மை வியாபாரி.

அந்தக் குதிரைகள் நின்ற இடத்திலேயே இன்று நாம் படுக்கலாம் என்பது இதில் வேடிக்கை. கோட்டையை ஒட்டி 1494, 95-இல் ஹன்ஸ் பெஹைம் என்ற கட்டடக் கலைஞர் தானியக் கிடங்கு ஒன்று கட்டினார். அரசர் வரும்போது கீழ்த்தளம் லாயமாகும். ‘பேரரசரின் லாயம்’ என்றே பெயர். இரண்டாம் உலகப் போரில் இடிந்து, மறுபடி கட்டி, இப்போது அது இளைஞர் விடுதி. இளைஞர் விடுதி என்ற எண்ணமே ஜெர்மனியில் பிறந்ததுதான். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 1909-இல் நடைப்பயணம் போன ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், புயலில் மாட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தபோது தோன்றிய யோசனை. பெயரில் இளைஞர் இருந்தாலும் குடும்பத்தோடு தங்குகிறவர்களும் உண்டு. உறுப்பினர் அட்டையோ விருந்தினர் கட்டணமோ கேட்பார்கள். அண்ணாச்சிக்கு நான் அதைச் சொல்லவில்லை. ரயில் நிலையத்திலிருந்து கோட்டை ஒன்றரைக் கிலோமீட்டர்தான் என்றாலும் கடைசிப் பகுதி கல் பதித்த ஏற்றம். மதினிக்கு முழங்கால் வலி. சக்கரம் வைத்த பெட்டி கருங்கல் தளத்தில் போடும் சத்தத்தை ஒரு முறை கேட்டவர்கள் மறுபடி அங்கே பெட்டி இழுக்க மாட்டார்கள்.

அடுத்தது, எந்தப் பகுதி. ஊரின் நடுவே பெக்னிட்ஸ் ஆறு. அதன் இரு கரையிலும் பழைய நகரம், அதைச் சுற்றி மதில். ஐந்து கிலோமீட்டர் மதிலில் ஏறக்குறைய நான்கு இன்னும் நிற்கிறது. ரயில் நிலையம் மதிலுக்கு வெளியே, தென்கிழக்கு மூலையில். மதிலுக்குள் அறை என்றால் விலை கூடும். ‘வரலாற்று நகரின் இதயத்தில்’ என்று போட்டிருப்பார்கள். இதயம் உண்மை, வரலாறுதான் இடிக்கிறது. 1945 ஜனவரி 2 இரவு விழுந்த குண்டுகளில் பழைய நகரின் பெரும்பகுதி தரைமட்டம். தேவாலயங்களையும் கோட்டையையும் கல் கல்லாக எழுப்பினார்கள். மற்ற கட்டடங்களில் பல, பழைய தெரு வளைவில் எழுந்த ஐம்பதுகளின் சிக்கன வீடுகள். ஓட்டல்களிலும் அப்படித்தான். பழமைக்கென்று கூடுதல் காசு கொடுத்து உள்ளே போனால் நம் ஹவுசிங் போர்டு படிக்கட்டு வரவேற்கும். நடந்து போகிற வசதிக்குக் காசு கொடுக்கலாம். பழமையை வெளியே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

"அப்ப ஊருக்கு வெளியே தள்ளிப் பாப்போமா? இருபத்தஞ்சு யூரோ கொறையுதே!" என்று அண்ணாச்சி இன்னொரு ஓட்டலைக் காட்டினார். நெடுஞ்சாலை ஓரம். கார் வைத்திருப்பவர்களுக்கான இடம். அங்கிருந்து இரண்டு பேர் தினமும் பஸ்ஸில் வந்துபோனால் அந்த இருபத்தைந்தில் பெரும்பங்கு டிக்கெட்டிலேயே போய்விடும். ராத்திரி பத்துக்கு மேல் குளிரில் நிறுத்தத்தில் நிற்கிற அரை மணியை எந்தக் கணக்கில் எழுதுவது?

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள் என்றேன். வரைபடத்தில் நீலச் சதுரத்துக்குள் வெள்ளையாக ஓர் எழுத்து, நம் ‘ப’ மாதிரி, அடி மட்டும் லாடம் போல வளைந்து இருக்கும். அதுதான் சுரங்க ரயில், ‘ஊ-பான்’. அந்தச் சதுரத்திலிருந்து ஓட்டல் எத்தனை நிமிட நடை என்று மட்டும் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இருந்தால் ஊரின் எந்த மூலையும் மையம்தான். ஓட்டுநர் இல்லாமலே ஓடும் வண்டிகள் 2008 முதல் அங்கே உண்டு. முன் இருக்கை கிடைத்தால் அறுபது வயதிலும் குழந்தையைப் போலக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்காரலாம். விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்.

ரயில் நிலையத்துக்குத் தெற்கே, தண்டவாளத்தைத் தாண்டினால் தென்நகரம். துருக்கிக் கடைகள், காய்கறி, ஃபலாஃபல், மலிவான ஓட்டல்கள். அழகு குறைவு, வசதி அதிகம். மேற்கே கோஸ்டன்ஹோஃப் பகுதியும் அப்படித்தான். ஒரே ஒரு தெருவை மட்டும் சொல்லி வைத்தேன்: ரயில் நிலையத்திலிருந்து மேற்கே மதிலின் உள்பக்கமாகப் போகும் ஃப்ரௌவன்டோர்மௌவர். சட்டப்படி நடக்கும் சிவப்பு விளக்குத் தெரு. ஆபத்து என்று சொல்வதற்கில்லை; ஆனால் மதினியோடு ராத்திரி சாப்பாடு முடித்துத் திரும்பும் வழியாக அது அமைய வேண்டாமே.

என் சொந்த சிபாரிசு ஃப்யூர்ட். பக்கத்து நகரம், ஆனால் சுரங்க ரயிலில் கால் மணி நேரம். போரில் அவ்வளவாக அடிபடாததால் பழைய வீடுகள் உண்மையிலேயே பழைய வீடுகள். நியூரம்பெர்க் பெயரைத் தேடலில் அடிக்கிறவர்கள் கண்ணில் படாததால் பல நாட்களில் விலையும் இறங்கியிருக்கும். போகிற வழியும் சாமானியமானதில்லை. ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர் ஓடியது. எஞ்சின் பெயர் ஆட்லர், கழுகு. ஓட்டியவர் இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் வில்சன். ஆனால் நிலக்கரி தூரத்திலிருந்து வர வேண்டியிருந்ததால் விலை கட்டுபடியாகவில்லை. தொடக்கத்தில் பல நடைகளுக்கு அதே தண்டவாளத்தில் குதிரையைத்தான் பூட்டினார்கள். சிக்கனம் அந்தத் தடத்துக்குப் புதிதல்ல. அதே பாதையில் போகும்போது பேரன்ஷான்ஸ என்ற நிலையம் வரும். இறங்கினால், 1945 நவம்பர் முதல் நாஜித் தலைவர்களை விசாரித்த நீதிமன்றம். அறை எண் 600.

இரண்டாவது டீ.

"சரி, ரூமுக்கு வாரேன்," என்றார் அண்ணாச்சி. அறையைப் பற்றிய விளம்பரத்தில் நாலைந்து ஜெர்மன் சொற்களுக்குப் பொருள் தெரிந்தால் போதும். ‘கார்னி’ என்றால் காலைச் சாப்பாடு மட்டும் உண்டு, மற்ற வேளைக்குச் சமையல் இல்லை. ‘பென்ஸியோன்’ சிறிய குடும்ப விடுதி. ‘எடாஜன்துஷ’ என்றால் குளியலறை உங்கள் அறைக்குள் இல்லை, தாழ்வாரத்தில், எல்லாருக்கும் பொது. ‘ஃப்ரெஞ்சுக் கட்டில்’ என்று போட்டிருந்தால் ஏதோ சொகுசு என்று நினைத்துவிட வேண்டாம்: 140 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே மெத்தை. புதுமணத் தம்பதிக்குச் சரி. ‘போக்குவரத்துக்கு வசதியான இடம்’ என்றால் சன்னலுக்கு அடியில் டிராம் ஓடும். நட்சத்திரம் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஓட்டல் சங்கம் கொடுக்கும் நட்சத்திரம், கேட்பவர்களுக்கு மட்டும். கேட்காத நல்ல ஓட்டலுக்கு ஒன்றும் இருக்காது. லிஃப்ட் உண்டா என்பதை மட்டும் தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

மலிவான அறைகளில் பெரும்பாலும் ஏசி இருக்காது. குளிர்காலத்தில் அது பிரச்சினையே இல்லை. சன்னல்தான் நம் ஆட்களைக் கலங்கடிக்கும். கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் மூடியது. படுக்கைவாட்டில் திருப்பினால் கதவு போல உள்பக்கம் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் சன்னல் முழுதும் மேல்பக்கம் மட்டும் பிரிந்து நம் மேல் சாய்வது போல வந்து, ஒரு சாண் இடைவெளியில் நிற்கும். முதல் முறை அப்படி ஆனபோது சன்னல் கழன்றுவிட்டது என்று பயந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றிருக்கிறேன். காற்றுக்காகச் செய்த ஏற்பாடாம். சன்னலடியில் இருக்கும் சூடேற்றியில் 1 முதல் 5 வரை எண் இருக்கும். 3-இல் வைத்தால் சுமார் 20 டிகிரி. 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது கிடையாது, அதிகம் சூடாகும், அவ்வளவுதான்.

"பக்கெட்டு, கப்பு?" இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த மதினி வாயைத் திறந்தார். இருக்காது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஷவர். கூண்டுக்கு வெளியே தரையில் பெரும்பாலும் தண்ணீர் போக வழியே கிடையாது, நம் பழக்கத்தில் அள்ளி ஊற்றினால் தண்ணீர் படுக்கையறைக்கு வரும். ஒரு சின்ன பிளாஸ்டிக் கப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதைக் கூண்டுக்குள் சமாளிக்கலாம்.

நான் பட்ட ஒரு பாட்டையும் சொன்னேன். ஒரு முறை ஒரு சின்ன விடுதியில் அறை போட்டிருந்தேன். ரயில் தாமதமாகி ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்றால் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. வரவேற்பில் ஆள் இருப்பது எட்டு மணி வரைதான். சுவரில் தீப்பெட்டி அளவில் ஓர் இரும்புப் பெட்டி, நான்கு எண் உருட்டும் பூட்டோடு. அதற்குள் என் சாவி. எண்ணை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். அது குப்பை அஞ்சலில் போய் விழுந்திருந்தது. என் போனில் இணையம் இல்லை. எதிர்க்கடை துருக்கிக்காரர் தம் கடையின் வைஃபை கொடுத்து, மஞ்சள் விளக்கடியில் நான் எண்ணை உருட்டி முடிக்கும் வரை வாசலிலேயே நின்றார். விடுதியின் மேல் தப்பில்லை, எல்லாம் எழுதித்தான் இருந்தது. அதிலிருந்து, வந்து சேரும் நேரத்தை முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவேன், எண்ணைத் தாளிலும் குறித்துக்கொள்வேன். அறை கொடுப்பது வழக்கமாகப் பிற்பகல் மூன்று மணிக்கு. அதற்கு முன் போனால் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஊரைச் சுற்றலாம். போனதும் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். 2025 முதல் ஜெர்மானியர்களுக்கு அது கிடையாது, வெளிநாட்டவருக்கு உண்டு. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

காசு கட்டுவதில் அண்ணாச்சி வங்கிக்காரர், அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரத்து செய்ய முடியாத விலை கொஞ்சம் குறைவாகத் தெரியும். விசா கைக்கு வரும் முன் அதைத் தொடவே கூடாது. விசாக் கட்டணமே 90 யூரோ. அதற்கு மேல் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. விண்ணப்பத்தில் தங்குமிடத்துக்குச் சான்று காட்ட வேண்டும் என்பதால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் போட்டு வைப்பதுதான் வழி. ஓர் அறையைத் தளத்தில் பார்த்தபின் அந்த ஓட்டலின் சொந்த இணையப் பக்கத்தையும் திறந்து பாருங்கள் என்றேன். "எங்களை விட உன் பக்கத்தில் குறைத்து விற்கக் கூடாது" என்று முன்பதிவுத் தளம் ஓட்டல்காரர்களைக் கட்டிப்போட்டிருந்ததை 2015-இல் ஜெர்மனியின் போட்டி ஒழுங்கு ஆணையம் தடை செய்தது. வழக்கு ஏறி இறங்கி, 2021-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை சரி என்றது. அதனால் நேரடியாகக் கேட்டால் சில ஓட்டல்களில் கொஞ்சம் குறையும், அல்லது காலைச் சாப்பாடு சேரும். இன்னொரு சின்ன லாபம்: பெர்லினில் அறை விலைக்கு மேல் 7.5 சதவீதம் நகர வரி உண்டு. பவேரியா மாநிலம் அப்படியொரு வரியை ஊர்கள் போடக் கூடாது என்று 2023-இல் சட்டமே போட்டுவிட்டது. நியூரம்பெர்க் பவேரியாவில் இருக்கிறது.

ஓட்டல் காலைச் சாப்பாட்டைத் தனியாக வாங்குவதென்றால், பத்து மணி வரை உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு லாபம். இட்லி இரண்டும் டீயும் போதும் என்கிறவர்களுக்கு நஷ்டம். ரயில் நிலைய ரொட்டிக்கடையில் வெண்ணெய் தடவிய பிரேட்ஸலும் காபியும் போதும். மதியத்துக்கு அந்த ஊர்ச் சாப்பாடு, ‘டிரை இம் வெக்லா’: ஒரு ரொட்டிக்குள் விரல் நீளத்தில் மூன்று பன்றியிறைச்சித் தொத்திறைச்சி. அண்ணாச்சி சாப்பிடுவார். மதினி சைவம், பாலாடைக்கட்டி போட்ட ரொட்டி, ஃபலாஃபல், மகள் கையால் ஒரு நாள் சாம்பார். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு, மற்ற நாள் ராத்திரி எட்டுக்கு மூடிவிடுவார்கள். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடை மட்டும் கை கொடுக்கும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலிப் பாட்டிலை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் காசு வரும்.

டீ? மலிவான அறைகளில் கெட்டில் இருப்பது அபூர்வம். வரவேற்பில் கேட்டால் வெந்நீர் கொடுப்பார்கள். வாளியில் போடும் ஹீட்டர் கம்பியைக் கொண்டுபோய் அறையில் சொருகுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

போய்வர: இரண்டு பெரியவர்களுக்குச் சேர்த்து ஒரு நாள் டிக்கெட் உண்டு. சனிக்கிழமை வாங்கினால் ஞாயிறும் செல்லும். பாம்பெர்க், ரேகன்ஸ்பர்க் என்று வெளியூர் போகும் நாளில் பவேரியா டிக்கெட்; வார நாளில் காலை ஒன்பதுக்கு மேல் ஏற வேண்டும். தினமும் பகல் பன்னிரண்டுக்குச் சதுக்கத்துத் தேவாலயத்தின் கடிகாரத்தில் ஏழு பொம்மைகள் பேரரசரைச் சுற்றி மூன்று முறை வலம் வரும். தங்க ஆணையின் நினைவு. அதற்கு டிக்கெட் கிடையாது.

மதினி எழுந்து போய் மாடியிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். நாள் கிழிக்கிற காலண்டர் இல்லை, ராகு காலம் எமகண்டம் எல்லாம் போட்ட மாதக் காலண்டர். நவம்பரின் நடுவாரத்தில் விரலை வைத்தேன். கண்காட்சி நாட்காட்டியை மட்டும் ஒத்துப் பார்த்துக்கொண்டால் போதும், சந்தை தொடங்கியிருக்காது. மாலை நாலரைக்கே இருட்டிவிடும், குளிரும். அதைப் பொறுத்துக்கொண்டால் விலை இறங்கியிருக்கும். வேலையாக வருகிறவர்கள் திங்கள் வந்து வியாழன் போவார்கள், செவ்வாயும் புதனும்தான் வாரத்தில் விலை கூடிய இரவுகள் என்றும் சொன்னேன்.

"செவ்வாக்கிழமை எங்கயும் கெளம்புறதில்லை," என்றார் மதினி. "பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்க. புதன் ராத்திரி ஏறுவோம்."

புதன் இரவு விமானத்தில். வியாழன் பிற்பகல் அறை. அடுத்த புதன் காலை சாவியைக் கொடுத்துவிடலாம். ஆறு இரவில் இரண்டு புதனும் கழிந்து, ஒரே ஒரு செவ்வாய் மட்டும் மிச்சம். அண்ணாச்சி விரல் விட்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, கோட்டைக் கோபுர அறைக்கு அந்தத் தேதியைப் போட்டுப் பார்த்தார்.

"இப்பக் கொறைஞ்சிருக்கு தம்பி. ஆனா லிஃப்ட் இருக்கான்னு போடலையே."